இணைக்காமல் விட்ட ரோஸ் ஒயர்

காந்தனுடைய காரில் பாட்டும் பாடி வழியும் காட்டும் பெட்டியைப் பொருத்தியவன் நான்தான். 2023 நவம்பர் 4, சனிக்கிழமை. தீபாவளிக்கு எட்டு நாள் இருந்தது. அலோர் காஜாவில் நான் வேலை செய்யும் அப்புசாமியின் கார் அக்சசரி கடை வாசலில் அன்று காலையிலேயே நாலு கார்கள் வரிசையில் நின்றன. காந்தனுக்கு இருபத்தாறு வயது. சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் ஒரு குத்தகைக் கம்பெனிக்கு ஷிஃப்ட் வேலை பார்த்தான்.

“தேவா அண்ணே, ரெண்டு மணிக்கு ஷிஃப்ட் லா. அதுக்குள்ள என் காடிக்கு டாஷ்போர்டு திரும்ப வந்துருமா?”

“டாஷ்போர்டு வந்துரும். மத்ததுக்கு கேரண்டி இல்ல.”

“பாட்டு சத்தம் நல்லா இருந்தா போதும்ணே. வீட்டுக்கு வழி எனக்கே தெரியும்.”

அந்தப் பெட்டியின் முதுகில் பத்துப் பன்னிரண்டு ஒயர்கள் தொங்கும். அவற்றில் ரோஸ் நிற ஒயர் ஒன்று. அதைக் காரின் வேகத்தைச் சொல்லும் கம்பியோடு சேர்க்க வேண்டும். சக்கரம் சுற்றச் சுற்ற அந்தக் கம்பியில் மின்துடிப்பு வரும். துடிப்புகளை எண்ணித்தான் கார் எத்தனை மீட்டர் ஓடியிருக்கிறது என்று பெட்டி தெரிந்துகொள்ளும். காந்தனின் காரில் அந்தக் கம்பியைத் தேடிப் பிடிக்க, ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள பலகையைக் கழற்ற வேண்டும். நாற்பது நிமிடம் பிடிக்கும்.

நான் கழற்றவில்லை. ரோஸ் ஒயரின் நுனியில் கறுப்பு டேப் சுற்றி, டேப்பின் ஓரத்தை என் வழக்கப்படி மடித்துவிட்டு, உள்ளே தள்ளினேன். பெட்டி ஒழுங்காக வேலை செய்தது. வானத்துத் துணைக்கோள்கள் தெரிகிறவரை அந்த ஒயர் இல்லாத குறையை யாரும் கண்டுபிடிக்க முடியாது. அது எனக்குத் தெரிந்திருந்ததால்தான் அப்படிச் செய்தேன்.

டிசம்பர் 2, சனிக்கிழமை, மழையில் காந்தன் இறந்துபோனான். காலை ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவன். மஸ்ஜித் தானா சாலையில் போன யாரோ ஒருவர், ஓரத்தில் அவன் கிடப்பதைப் பார்த்துத் தம் காரில் ஏற்றினார். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது. அவனுடைய கார் அதே சாலையோரப் புல்லில் முன்பக்கம் நொறுங்கிக் கிடந்தது. கார் கிடந்த இடம்தான் அடிபட்ட இடம் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டோம். சாவு வீட்டுக்கு நானும் போய் வந்தேன். அந்த ஒயர் அப்போது எனக்கு நினைவுக்குக்கூட வரவில்லை.

டிசம்பர் 14, வியாழக்கிழமை, காலை பத்து மணிக்கு அவனுடைய அப்பா கடைக்கு வந்தார். சிவசாமி என்று பெயர். முப்பது வருடம் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். கையில் ஒரு பிளாஸ்டிக் பை வைத்திருந்தார். அப்புசாமி எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டார். சிவசாமி உட்காரவில்லை. பையிலிருந்த பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“காடிய இழுத்துட்டுப் போன எடத்துல கழட்டிக் குடுத்தானுங்க தம்பி. பேட்டரி குடுத்துப் பாத்தோம். மேப்பு வருது. அம்பு ஒரு எடத்துல நிக்கிது.”

“சரிங்க மாமா.”

“காடி கெடந்தது ஒரு எடம். அம்பு நிக்கிறது அதுக்கும் அந்தாண்ட கால் மைலு. ஞாயித்துக்கெழம பதினாறாம் நாளு. அன்னிக்கிக் காலையில கல்லெடுக்கணும். எது நெசமான எடம்னு நீதான் சொல்லணும்.”

அவர்கள் வீட்டு வழக்கத்தை அவரே விளக்கினார். விபத்தில் போனவரின் உயிர், உடம்பு அடிபட்ட இடத்தை விட்டு நகராது. அந்த இடத்துக்குப் போய், பேர் சொல்லி மூன்று தடவை கூப்பிட்டு, அங்கேயே ஒரு கல்லை எடுக்க வேண்டும். கல்லைக் காரில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். வழியில் ஒவ்வொரு சிம்பாங் சந்திப்பிலும், ஒவ்வொரு வளைவிலும், எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்று கல்லிடம் சொல்லிக்கொண்டே வர வேண்டும். சொல்லாவிட்டால் அந்தத் திருப்பத்தில் உயிர் நின்றுவிடும். கல் வீடு வந்த பிறகுதான் பதினாறாம் நாள் காரியம்.

“தப்பான எடத்துல எடுத்தா அது வெறுங்கல்லு. அவங்கம்மா வழியெல்லாம் வெறுங்கல்லுகிட்ட பேசிக்கிட்டு வருவா. அத என்னால பாக்க முடியாது தம்பி.”

அவர் பெட்டியைத் திருப்பிப் போட்டார். அறுத்து எடுத்த ஒயர்கள் விசிறிபோல் விரிந்தன. வாழ்நாளெல்லாம் டிராக்டரைப் பிரித்து மாட்டிய விரல்கள் நேராக ரோஸ் ஒயரில் போய் நின்றன. நுனியில் கறுப்பு டேப், ஓரம் மடித்தபடி.

“மத்ததெல்லாம் அறுத்திருக்கு. இது மட்டும் எங்கயும் சேரலியே?”

“அது எக்ஸ்ட்ரா மாமா. எல்லாக் காடிக்கும் தேவப்படாது.”

அவர் அதை விட்டுவிட்டார். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

“இன்னொண்ணு. ஆஸ்பத்திரியில அவன் கால் சப்பாத்த ஒரு பையில போட்டுக் குடுத்தாங்க. அடியில முழுக்க செம்மண்ணு. அந்த ரோட்டோரம் பூரா புல்லுதான?”

“நாளைக்கு சாயங்காலம் வீட்டுக்கு வந்து சொல்றேன் மாமா” என்றேன்.

அவர் போன பிறகு பெட்டிக்கு மின்சாரம் கொடுத்து, கடைக்காரர்கள் மட்டும் திறக்கும் சோதனைப் பக்கத்துக்குப் போனேன். இந்த மாடலில் கடைசி ஓட்டத்தின் பதிவு அங்கே இருக்கும்.

ஒரு கார் எங்கே இருக்கிறது என்பதைப் பெட்டி பல வழிகளில் விசாரித்துத்தான் முடிவு செய்கிறது. முதலில் துணைக்கோள்கள். ஒவ்வொன்றும் தான் இருக்கும் இடத்தையும் அனுப்பும் நேரத்தையும் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். அந்தச் செய்தி வந்து சேர எடுத்த நேரத்தை வைத்து அது எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று பெட்டி கணக்கிடும். குறைந்தது நாலு கோள்கள் தெரிந்தால் இடத்தைக் குறித்துவிடலாம். அடர்ந்த மரங்களுக்கு அடியிலும் மலைச்சரிவின் ஓரத்திலும் அந்தச் செய்தி நலிந்துபோகும். அப்போது காருக்குள்ளேயே இருக்கிற சாட்சிகளைக் கேட்க வேண்டும். ஒன்று, பெட்டிக்குள் இருக்கும் சின்னச் சில்லு. கார் எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பியது என்று அதற்குத் தெரியும். இன்னொன்று, சக்கரத்திலிருந்து வரும் ரோஸ் ஒயர். எவ்வளவு தூரம் ஓடியது என்று அது சொல்லும். திருப்பமும் தூரமும் கிடைத்துவிட்டால் வானத்தைப் பார்க்காமலே பாதையை வரைந்துவிடலாம். கடைசியாக வரைபடம். கார் சாலையில்தான் ஓடும் என்ற நம்பிக்கையில், அருகில் உள்ள சாலைக்கு அம்பை இழுத்து வைப்பது அதன் வேலை.

காந்தனின் பதிவில் இருந்தது இதுதான். மாலை மணி 4.21. அதுவரை பதினொரு கோள்கள். பிறகு ஒன்பது, ஐந்து, மூன்று. அதே நிமிடத்தில் சில்லு எழுதியிருந்தது: இடப்பக்கம் எண்பது பாகை. கார் திரும்பிவிட்டது என்று ஒரு சாட்சி சொல்லியிருக்கிறது. அந்த இடத்தில் பாதையே இல்லை என்று வரைபடம் சொல்லியிருக்கிறது, ஏனென்றால் தோட்டப் பாதைகள் அந்த வரைபடத்தில் கிடையாது. சக்கரம் எதுவும் சொல்லவில்லை. பெட்டி வரைபடத்தை நம்பியது. கடைசியாகத் தெரிந்த வேகத்திலேயே அம்பைப் பெரிய சாலையில் ஓட்டிக்கொண்டு போய், மின்சாரம் அறுந்த நொடியில் ஓர் இடத்தில் நிறுத்திவிட்டது. காந்தன் அந்த இடத்தைத் தொடவே இல்லை.

“என்னடா சொல்லுது?” என்று அப்புசாமி கேட்டார்.

“அம்பு நிக்கிறது பொய் பாஸ். நான் ரோஸ் ஒயர் மாட்டல.”

அவர் பெட்டியைத் திருப்பி ரோஸ் ஒயரைப் பார்த்தார்.

“இது ஒண்ணுலதானா?”

“ஞாபகம் இருக்கிற வரைக்கும் பதினோரு காடி.”

“தேவன் கை ஃபாஸ்ட்டு, தேவன் கை ஃபாஸ்ட்டுன்னு டவுன் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். எப்பிடி ஃபாஸ்ட்டுன்னு இப்பத்தான் தெரியிது.” பெட்டியை என் பக்கம் தள்ளினார். “அந்தாளு என்ன கேட்டாரு? எடம் கேட்டாரு. அம்பு நிக்கிற எடத்தச் சொல்லிரு. கல்லுல பேரா எழுதியிருக்கு? கும்புட்டு மனசாறட்டும். ஒயர் கதைய அவுத்துவிட்டேன்னா நாளைக்கு உனக்கும் வேல இல்ல, எனக்கும் கட இல்ல.”

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அம்பு நிற்கும் இடத்தையே சொல்லிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் ஜெயமணி அக்கா, காந்தனின் அம்மா, பின்சீட்டில் உட்கார்ந்து வெறுங்கல்லிடம் வலது, இடது என்று சொல்லிக்கொண்டு வருவது என் கண்ணுக்குள் வந்து நின்றது.

வெள்ளிக்கிழமை காலை கடைக்கு லீவு சொல்லிவிட்டு என் காரை எடுத்துக்கொண்டு மஸ்ஜித் தானா சாலைக்குப் போனேன். என் காரில் எல்லா ஒயரும் இணைந்திருக்கின்றன. சொந்தக் காருக்கு நான் நேரம் ஒதுக்கியிருந்தேன்.

4.21-இல் கோள்கள் மறையத் தொடங்கிய இடத்துக்குச் சற்று முன்னால், இடப்பக்கம் புக்கிட் மெரந்தி தோட்டத்துச் செம்மண் பாதை பிரிகிறது. மறுமுனையில் அது அலோர் காஜா பக்கம் போய் ஏறும். உள்ளே திரும்பினேன். முப்பது வயதுச் செம்பனைகள் இரண்டு பக்கமும் மட்டைகளைக் கோத்து வானத்தை மூடியிருந்தன. இடப்புறம் மேடு. திரையில் கோள்களின் எண்ணிக்கை பதினொன்றிலிருந்து மூன்றுக்கு இறங்கியது.

காந்தன் ஓடிய தூரம் பதிவில் இல்லை. ஆனால் திருப்பங்கள் இருந்தன. நான் அவற்றை ஒரு தாளில் வரிசையாக எழுதி மடியில் வைத்திருந்தேன். இடது எண்பது. நாற்பது நொடி கழித்து வலது முப்பது. பிறகு நேர் ஓட்டம். பிறகு இடது இருபது, அதோடு ஒரு குலுக்கல், அத்தோடு முடிவு.

வலது வளைவு வந்தது. நேர்ப்பாதை வந்தது. அதன் முடிவில் ஓர் இடது வளைவு. அந்த வளைவு எழுபது பாகை இருக்கும். அவன் இருபதுதான் திரும்பியிருக்கிறான்.

வளைவின் நடுவே பாரிட் என்னும் வாய்க்காலுக்கு மேல் ஒரு சின்ன சிமெண்டுப் பாலம் இருந்தது. அதன் ஓரக்கட்டை புதிதாக உடைந்திருந்தது. இறங்கிப் பார்த்தேன். சேற்றில் விளக்குக் கண்ணாடித் துண்டுகள், வெள்ளைப் பெயிண்ட் ஒட்டிய பிளாஸ்டிக் சில்லுகள். காந்தனின் கார் வெள்ளை.

குலை வெட்டும் கம்போடு வந்த வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவர் என்னைப் பார்த்து நின்றார். மலாயில் கேட்டேன். அவரும் இன்னும் இருவரும் மழையில் காந்தனைத் தூக்கி டிராக்டர் வண்டியில் போட்டுப் பெரிய சாலைவரை கொண்டுபோனதாகச் சொன்னார். காரையும் வெளியே இழுத்துப் போடச் சொல்லி தோட்டத்து மேலாள் மண்டோரின் உத்தரவு, தோட்டத்துக்குள் இருந்தால் தொந்தரவு என்று. யாரும் வந்து கேட்கவில்லை, அதனால் சொல்லவும் இல்லை என்றார். பிறகு, “அவர் பிழைத்துவிட்டாரா?” என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் ஐந்தரைக்கு சிவசாமியின் வீட்டுக்குப் போனேன். தாமான் குடியிருப்பில் ஒரு வீடு. முன்பக்கம் காந்தனின் படத்துக்குப் பக்கத்தில் விளக்கு எரிந்தது. ஜெயமணி அக்கா உள்ளே சமையலறையில் இருந்தார். வழியெல்லாம் மனதுக்குள் வரிசைப்படுத்தி வைத்திருந்ததை அந்த வரிசையிலேயே சொன்னேன்.

“மாமா, நேத்து ஒரு பொய் சொன்னேன். அந்த ரோஸ் ஒயர் எக்ஸ்ட்ரா இல்ல. மாட்டவேண்டிய ஒயர். நாப்பது நிமிஷ வேலன்னு நான்தான் மாட்டாம விட்டுட்டேன்.”



“மாட்டியிருந்தா எம்மவன் பொழச்சிருப்பானா?”

“இல்ல மாமா. எங்க விழுந்தான்னு பெட்டிக்குத் தெரிஞ்சிருக்கும். அவ்வளவுதான்.”

“எங்க விழுந்தான்?”

“புக்கிட் மெரந்தி உள்ள. ரெண்டாவது வளைவுல, பாரிட் பாலத்துல. இன்னிக்கிப் போய்ப் பாத்துட்டு வரேன். பாலத்து ஓரம் ஒடஞ்சிருக்கு.”

அவர் கைலியின் நுனியைப் பிடித்து முழங்கால்மேல் தேய்த்துவிட்டுக்கொண்டார். திரும்பத் திரும்ப அதையே செய்தார்.

“நாலு மணிக்கு எனக்கு போன் பண்ணான் தம்பி. பெரிய ரோட்டுல மரம் சாஞ்சி ஜாமுன்னான். எஸ்டேட் வழியா பூந்து வாடா, அந்தப் பாத எனக்குத் தெரியும், இருபது நிமிஷம் மிச்சம்னு நான்தான் சொன்னேன்.”

அவர் கைலியை விட்டுவிட்டுப் படத்தின் பக்கம் திரும்பினார்.

“அம்பு ரோட்டுல நிக்கவும், நம்ம பேச்ச கேக்கலன்னு நெனச்சிக்கிட்டேன். நம்ம பேச்ச எப்ப கேட்டான் அவன்? முடி வெட்டுடான்னா கூட கேக்க மாட்டான். பன்னெண்டு நாளா அதத்தான் புடிச்சிக்கிட்டு இருந்தேன். சப்பாத்துல மண்ணப் பாத்தும் புடிச்சிக்கிட்டுத்தான் இருந்தேன்.”

“மாமா, அக்காகிட்ட இத இப்ப சொல்ல வேணாம்னா—”

“நீ சொன்ன மாதிரி நானும் சொல்லணும்ல.” எழுந்து சமையலறைப் பக்கம் பார்த்து, “ஜெயா, அடுப்ப நிறுத்திட்டு வா” என்றார்.

நான் வாசல் கேட்டுக்கு வெளியே போய் நின்றேன். உள்ளே அவர் குரல் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. அழுகைச் சத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. எதிர்வீட்டில் ஒருவர் காரைக் கழுவி முடித்து, பக்கெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போகும்வரை வரவில்லை.

ஜெயமணி அக்கா வெளியே வந்தார். புடவைத் தலைப்பை இரண்டு தோளையும் சுற்றிப் போர்த்தியிருந்தார்.

“அந்த எடத்துக்கு வழி தெரியுமா ஒனக்கு?”

“தெரியும்க்கா.”

“அப்ப ஞாயித்துக்கெழம நீயே வந்து ஓட்டு.”

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சனிக்கிழமை கடைக்குப் போய் நடந்ததை அப்புசாமியிடம் சொன்னேன். அவர் வாய்க்கு வந்தபடி திட்டினார். திட்டி முடித்துவிட்டு ரசீதுக் கட்டுகளை எடுத்து வந்து என் முன்னால் போட்டார். மீதிப் பத்து பேருக்கும் போன் செய்து, வேலையில் குறை இருக்கிறது, வந்தால் சரி செய்து தருகிறோம் என்றேன். சுங்கை ரம்பாயில் இருக்கும் ஒருவர், “வழி ஒழுங்காத்தான காட்டுது, என்னத்துக்கு இப்பக் கூப்பிடுற?” என்று சந்தேகப்பட்டார். மூன்று கார்கள் அன்றே வந்தன. ஒவ்வொன்றிலும் ஸ்டீயரிங் பலகையைக் கழற்றி ரோஸ் ஒயரை இணைத்தேன். நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை. முப்பத்தைந்துதான்.

டிசம்பர் 17, ஞாயிறு, காலை ஏழரைக்குப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் காரை நிறுத்தினேன். முன்நாள் இரவு மழை இல்லை. மண் கெட்டியாக இருந்தது. உடைந்த ஓரக்கட்டையில் யாரோ ஒரு சின்னச் செம்பனைக் குருத்தைச் செருகி வைத்திருந்தார்கள். தொழிலாளிகளாகத்தான் இருக்கும்.

சிவசாமி சூடம் ஏற்றி, பால் தெளித்தார். எலுமிச்சையை அறுத்து இரண்டு பக்கமும் வைத்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாரிட்டுக்குள் இறங்கினார். நான் கைகொடுக்கப் போனேன். வேண்டாம் என்று கையசைத்தார். தண்ணீருக்குள் துழாவி, உள்ளங்கை அளவு கல் ஒன்றை எடுத்துத் தம் சட்டையிலேயே துடைத்தார்.

“காந்தா, வாப்பா. காந்தா, வாப்பா. காந்தா, வீட்டுக்குப் போலாம் வாப்பா” என்று ஜெயமணி அக்கா கூப்பிட்டார். சத்தமாகக் கூப்பிடவில்லை. பக்கத்து அறையில் தூங்குகிறவனை எழுப்புகிற குரல்.

மஞ்சள் துணியில் கல்லைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் ஏறினார். சிவசாமி என் பக்கத்தில் உட்கார்ந்தார். பெட்டியின் குரலை நான் ஏற்கெனவே அணைத்துவிட்டிருந்தேன்.

“திருப்பிக்கிட்டுப் பெரிய ரோட்டுக்குப் போயிரவாக்கா?”

“வேணாம். அவன் இப்பிடியேதான வந்தான். இப்பிடியே போ.”

முதல் கியரில் நகர்ந்தேன். பாலத்துக்கு முன் வளைவு தொடங்கியது. இங்கே கல்லுக்குச் சொல்ல வேண்டும். ஜெயமணி அக்கா சொல்லவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். உதடுகள் அசைந்தன, குரல் வரவில்லை. நான் பிரேக்கில் காலை வைத்தேன்.

சிவசாமி முன்னால் பார்த்தபடியே பேசினார்.

“காந்தா, எடது பக்கம் வளையிறோம். மெதுவாத்தான் போறோம். பாலம் இருக்கு, பாத்துக்க.”

நான் ஸ்டீயரிங்கை இடது பக்கம் திருப்பினேன். இருபது பாகை, அதன்பின் மீதி. பாலம் பின்னால் போனது. திரையில் மூன்று கோள்கள்தான் தெரிந்தன. பாதையே வரையாத பச்சைப் பரப்பின்மேல் அம்பு இடது பக்கம் வளைந்து, எங்களோடு நேராகி, மெல்ல நகர்ந்தது.

தோட்டத்தின் மறுமுனையில் அலோர் காஜா சாலை தெரிந்தது.

“பெரிய ரோடு வந்துருச்சுப்பா. வலது பக்கம்” என்றார் ஜெயமணி அக்கா. இப்போது குரல் வந்தது.

அங்கிருந்து வீடுவரை ஒன்பது திருப்பங்கள். ஒன்றைக்கூட அவர் விடவில்லை. சிக்னலில் நின்றபோது நிற்கிறோம் என்று சொன்னார். தாமானுக்குள் நுழைந்தபோது எதிர்வீட்டுக்காரரின் கார் குறுக்கே நிற்கிறது, கொஞ்சம் சுற்றிப் போகிறோம் என்று சொன்னார். நான் அவர் சொல்லி முடிக்கிறவரை காத்திருந்து, பிறகு திரும்பினேன்.

கேட்டுக்கு முன்னால் நிறுத்தினேன். அவர் துணியைக் கொஞ்சம் விலக்கினார்.

“வீடுப்பா. எறங்கு.”

சிவசாமி இறங்கிப் பின்கதவைத் திறந்துவிட்டார். அவர்கள் இருவரும் வாசலில் கால் கழுவிக் கல்லோடு உள்ளே போகும்வரை நான் இஞ்சினை அணைக்கவில்லை.